திரில்லரைப் பாதியில் மூடுமுன்: நடைக் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

“கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓடவே மாட்டேங்குது.”

புத்தகம் கைமாற்றிக்கொள்ளும் நண்பர்களிடம் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். போன மார்கழியில் ஒரு மொழிபெயர்ப்புத் திரில்லர் என் தலைமாட்டில் மூன்று வாரம் கிடந்தது. 112-ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தேன். கொலை நடந்தாகிவிட்டது. சந்தேகத்துக்கு ஆளானவர்கள் எல்லாரும் அடைமழையில் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். போன் செத்துவிட்டது. ஒரு திரில்லருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் தினமும் இரண்டு பக்கம் புரட்டியதும் கொட்டாவி வந்தது. பயப்பட வேண்டிய இடத்தில் தூக்கம் வருகிறது என்றால் கோளாறு கதையில் இல்லை, சொன்ன விதத்தில் இருக்கிறது.

புரூஃப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு வாக்கியம் எங்கே தடுக்குகிறது என்று பார்ப்பது கைப்பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: குடும்ப நாவலில் நடை கொஞ்சம் நொண்டினாலும் மனிதர்கள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திரில்லரில் அது நடக்காது. நம்மை அடுத்த வரிக்கு ஓட வைப்பதற்குத்தான் திரில்லர் இருக்கிறது, ஓட வைப்பது வாக்கியம். வாக்கியம் பழுதானால் கொலை, துரத்தல், துப்பு எல்லாம் வெறும் தகவலாகச் சுருங்கிவிடும். அதனால், நடை பிடிக்காமல் ஒரு திரில்லரைக் கைவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதைச் சொகுசு என்று நினைக்காதீர்கள். அது நியாயமான காரணம்.

மூடுவதற்கு முன் எது பழுது என்று பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சில கோளாறுகளை நாமே சரிசெய்துகொள்ளலாம். சில, எழுத்தாளர் செய்தவையே அல்ல. சிலவற்றுக்கு வைத்தியம் இல்லை. அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உதாரண வாக்கியங்கள் நானே எழுதியவை, எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால்: பழுது புத்தகத்திலா, பிரதியிலா?

மின்னூலாகவோ பிடிஎஃப்பாகவோ படிக்கிறீர்கள் என்றால் எழுத்தாளரைக் குறை சொல்லுமுன் எழுத்துருவைப் பாருங்கள். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளில் ஒற்றைக் கொம்பும் இணைக் கொம்பும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், அதாவது எழுத்துக்கு முன்னால், பதிவாகியிருக்கும். யூனிகோடில் அவை எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். மாற்றும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் ‘கொலை’ என்பது ‘ெகாைல’ என்று உடைந்து நிற்கும். ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) போட்ட பழைய புத்தகங்களில் துணைக்காலும் ரகரமும் குழம்பும். ‘காரில்’ ஏறியவன் ‘கரரில்’ ஏறுவான். ஒரு தடவை என்றால் கண் தானாகத் திருத்திக்கொள்ளும். பக்கத்துக்கு ஆறு தடவை என்றால் துரத்தல் காட்சியில் வேகம் எங்கிருந்து வரும்?

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. அச்சுப் பிரதியில் காட்சி மாறும் இடத்தில் மூன்று நட்சத்திரமோ ஒரு வரி இடைவெளியோ இருக்கும். மின்னூலாக மாற்றும்போது அது காணாமல் போய்விடும். அப்போது இப்படி ஆகும்:

“இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். கண் விழித்தபோது கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன.”

கடத்தப்பட்டது இன்ஸ்பெக்டர் என்று நினைப்போம். இரண்டு வரி தள்ளித்தான் அது வேறு ஊரில் அடைபட்டுக் கிடக்கும் பெண் என்று தெரியும். எழுத்தாளருக்கு எழுதத் தெரியவில்லை என்று தோன்றும். அவர் நட்சத்திரம் போட்டுத்தான் கொடுத்திருந்தார், அதை யாரோ விழுங்கிவிட்டார்கள்.

சோதனை எளிது. அதே நாவலின் அச்சுப் பிரதியை ஏதாவது நூலகத்தில் தேடி, ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டிய 4 நூலகங்களில் அதுவும் ஒன்று. அச்சில் ஓடுகிறது, திரையில் ஓடவில்லை என்றால் விஷயம் முடிந்தது. அச்சைப் படியுங்கள்.

அறிகுறி: ஒரே பத்தியை மூன்று தடவை படித்தும் தலையில் ஏறவில்லை

வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் மெல்ல முணுமுணுத்தாலும் போதும். நாக்கு எங்கும் தடுக்காமல் ஓடுகிறது, ஆனால் யார் யாரைச் சொல்கிறார்கள் என்று மட்டும் பிடிபடவில்லை என்றால் பிரச்சினை பெயர்களில். வெளிநாட்டு நாவல்களில் ஒரே ஆளை ஒரு பக்கத்தில் சொந்தப் பெயரிலும் அடுத்த பக்கத்தில் குடும்பப் பெயரிலும் கூப்பிடுவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஆறேழு பெயர்களை எழுதி அடையாளக் குறியாகச் செருகிவிட்டால் சரியாகிவிடும். இதற்காக யாரும் புத்தகத்தை மூட வேண்டியதில்லை.

வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு முட்டுகிறது என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி: எழுத்து தமிழ்தான், ஆனால் தமிழாக இல்லை

மொழிபெயர்ப்புத் திரில்லர்களைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விழுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

“தன்னுடைய தந்தையால் தனக்குப் பரிசாக அளிக்கப்பட்டிருந்த அந்தக் கைத்துப்பாக்கியைத் தன்னுடைய மேசையின் இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்த அவள், அது ஏற்கனவே யாரோ ஒருவரால் பயன்படுத்தப்பட்டிருந்ததை உணர்ந்தாள்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. புரூஃப் பார்ப்பவராக நான் இதில் ஒரு சுழி கூடப் போட முடியாது. ஆனாலும் பயம் வரவில்லை. இதையே இப்படிப் பாருங்கள்:

“டிராயரைத் திறந்து துப்பாக்கியை எடுத்தாள். அப்பா கொடுத்தது. குழல் வாயில் வெடிமருந்து வாசனை. யாரோ சுட்டிருக்கிறார்கள்.”

முதல் வாக்கியத்தில் அவள் ‘உணர்ந்தாள்’ என்று நமக்குச் செய்தி வருகிறது. இரண்டாவதில் அந்த வாசனை நம் மூக்குக்கே வருகிறது, முடிவுக்கு நாமே வருகிறோம். முதலாவதில் ‘தன்னுடைய’ இரண்டு முறை, ‘அளிக்கப்பட்டிருந்த’, ‘பயன்படுத்தப்பட்டிருந்த’ என்று ‘படு’ இரண்டு முறை. தமிழில் பேசும்போது யாரும் இப்படிச் சொல்வதில்லை. நீங்கள் படிக்கும் புத்தகத்தில் எங்கேயாவது ஒரு பக்கத்தைத் திறந்து ‘படு’வையும் ‘தன்னுடைய’வையும் எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டினால் இனி வரும் பக்கங்களும் அப்படித்தான் இருக்கும்.

நீளமான வாக்கியமே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. திரில்லர் எழுதுகிறவருக்கு மொழியே கொடுத்த ஆயுதம் அது. “கதவுக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நிற்க மட்டுமே இடமுள்ள அந்த இருட்டில், ஏதோ மூச்சு விட்டது.” கடைசிச் சொல் வரும்வரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வரிசையை அப்படியே கொண்டுவந்து “ஏதோ மூச்சு விட்டது, கதவுக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்” என்று போட்டால் வெடி முதலில் வெடித்துவிட்டது, திரி அப்புறம் எரிகிறது.

இன்னொன்று விகுதி. ஆங்கிலத்தில் கொலையாளியை ஆணா பெண்ணா என்று சொல்லாமல் பத்து அத்தியாயம் நடத்தலாம். தமிழில் ‘நடந்தார்’ என்று மரியாதை கொடுத்தால் ஒழிய, படர்க்கை வினைமுற்று வாயைத் திறந்தாலே காட்டிக்கொடுத்துவிடும்: நடந்தான், நடந்தாள். நம் குற்றக்கதைகளில் இதற்காகவே ‘அந்த உருவம்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. அந்த உருவம் சுவரேறிக் குதித்தது, அந்த உருவம் கையுறையைக் கழற்றியது. அஃறிணை முடிவு ரகசியத்தைக் காப்பாற்றுகிறது. கொலையாளியே தன்மையில் பேசும் அத்தியாயங்களிலும் கவலையில்லை, ‘நடந்தேன்’ என்பது எதையும் சொல்லாது. இந்தப் பொறுப்பை உணராத மொழிபெயர்ப்பில் கவனக்குறைவாக ஒரே ஒரு ‘வந்தான்’ விழுந்தால் போதும், நாவலே கவிழ்ந்துவிடும். ஒன்று, கொலையாளி ஆண் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இல்லையென்றால் நம்மை ஏமாற்றியதாக ஆகிவிடும்.

நீ, நீங்கள் விஷயமும் இதே போலத்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் விசாரணை அறையில் “உக்காருங்க சார், ஒரு சின்ன விசாரணைதான்” என்று ஆரம்பித்த போலீஸ்காரர், “நேத்து ராத்திரி எங்கடா இருந்தே?” என்று மாறுகிற நொடியில் காட்சி புரண்டு படுக்கும். மேசையில் தட்ட வேண்டியதில்லை, விளக்கை முகத்தில் அடிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு ‘டா’ போதும். நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த நொடியைத் தேடிக் கண்டுபிடித்து வைப்பார். அக்கறையில்லாத மொழிபெயர்ப்பில் கடைசி வரை “நீங்கள் நேற்றிரவு எங்கே இருந்தீர்கள்?” என்றே போகும். கழுத்தில் கத்தி வைத்திருப்பவன் “நான் உங்களைக் கொலை செய்யப்போகிறேன்” என்று மேடைத் தமிழில் பேசுவான்.

என்ன செய்யலாம்? மூலம் உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருந்தால் அதற்குப் போங்கள். இல்லையென்றால் வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எழுத்தாளரே மோசம் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஆங்கிலத்திலும் இதே கதைதான். சுவீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் 2004-இல் இறந்தார். அவருடைய முதல் திரில்லர் 2005-இல் சுவீடனில் வெளியானது. ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்பது அதன் சுவீடிஷ் தலைப்பின் பொருள். 2008-இல் ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பே மாறிவிட்டது. மொழிபெயர்த்த ஸ்டீவன் மர்ரே, பதிப்பகம் தன் மொழிபெயர்ப்பில் செய்த மாற்றங்களில் உடன்பாடு இல்லாததால் தன் பெயரைப் போடாமல் ரெக் கீலண்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஆக, அந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துவிட்டு “லார்சன் நடை” என்று நாம் சொல்வது எத்தனை பேருடைய கைபட்ட நடை என்று யோசித்துப் பாருங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு அத்தியாய முடிவும் தூக்கிவாரிப் போடுகிறது, பன்னிரண்டாவதில் சலித்துவிட்டது

இது பெரும்பாலும் வாரத் தொடராக வந்து புத்தகமான நாவல். குமுதம், விகடன், கல்கி என்று வாரப் பத்திரிகைகளில் தொடர் எழுதியவருக்கு வாசகரை ஏழு நாள் காக்க வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அதனால் அத்தியாயக் கடைசியில் கதவு தட்டப்படும், விளக்கு அணையும், போனில் ஒரு குரல் சிரிக்கும். ‘தொடரும்’. அடுத்த வாரம் திறந்தால் கதவைத் தட்டியவர் பால்காரர். ஏழு நாள் கழித்துப் படித்தவர் அதைச் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவார். நாம் ஏழு விநாடியில் பக்கத்தைப் புரட்டுகிறோம். பத்துத் தடவை பால்காரரைப் பார்த்தால் பதினோராவது தடவை நிஜக் கொலைகாரன் வந்து நின்றாலும் பதறமாட்டோம். போதாததற்கு, போன வாரம் விட்டவர்களுக்காக அத்தியாயத் தொடக்கத்தில் நடந்ததையே இரண்டு பத்தி திருப்பிச் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கோளாறு நம் கையாலேயே சரியாகும். நான் செய்வது இது: அத்தியாய முடிவில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துவேன். யாரோ காபி ஆற்றிக்கொண்டிருக்கும் அமைதியான இடமாகப் பார்த்து மூடிவைப்பேன். மறுநாள் அங்கிருந்து தொடங்கினால் கடைசி வரித் திடுக்கிடல் வாசிப்பின் நடுவே வந்து போய்விடும், சுத்தியல் மாதிரி தலையில் அடிக்காது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் போகமாட்டேன். திருப்பிச் சொல்லும் பத்திகளைத் தாண்டிவிடுவேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படித்துக் கசந்துபோன ஒரு பழைய தொடரை இந்த முறையில் மறுபடி எடுத்தேன். அந்த எழுத்தாளரின் பேச்சுத்தமிழ் காதில் அப்படியே கேட்டது. முதல் தடவை அவசரத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

மாத நாவல்களுக்கு வேறு நெருக்கடி. பக்கக் கணக்கு முன்பே முடிவாகியிருக்கும். முக்கால்வாசி வரை சாவகாசமாகப் போய், கடைசி நான்கு பக்கத்தில் இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்து மூச்சு விடாமல் விளக்குவார். அதற்கு முந்தைய பக்கம் வரை பிடித்திருந்தால் அந்த நான்கு பக்கத்துக்காக நாவலை வெறுக்காதீர்கள்.

அறிகுறி: பக்கம் முழுக்கப் புள்ளிகள்… ஆச்சரியக்குறிகள்!!

“சட்டென்று... கதவு திறந்தது! அங்கே... அங்கே...! அவன் உறைந்தான்!! ரத்தம்...!”

கட்டைவிரலால் குறிகளை மறைத்துப் படியுங்கள். குறிகள் போனபின் என்ன மிச்சம்? கதவு திறந்தது, உறைந்தான், ரத்தம். எந்தக் கதவு, எவ்வளவு ரத்தம், காய்ந்ததா, ஈரமா என்று ஒன்றும் இல்லை. பார்த்து எழுத வேண்டியதைக் குறிகளின் தலையில் கட்டிவிட்டார்கள். அமெரிக்கக் குற்றக்கதை எழுத்தாளர் எல்மோர் லெனர்ட் 2001-இல் நியூயார்க் டைம்ஸில் எழுத்தாளர்களுக்காக 10 விதிகள் எழுதினார். ஒரு லட்சம் சொற்களுக்கு இரண்டு, மூன்று ஆச்சரியக்குறிக்கு மேல் கூடாது என்பது அதில் ஒன்று. ‘திடீரென்று’ என்ற சொல்லையே பயன்படுத்தாதே என்பது இன்னொன்று. முதல் விதியைத் தமிழுக்கு அப்படியே பொருத்த எனக்கு மனமில்லை, நம் பேச்சில் ஆச்சரியம் கொஞ்சம் கூடுதல். இரண்டாவதை முழு மனதாக ஏற்கிறேன். திடீரென்று நடப்பதைத் திடீரென்று எழுதிவிட்டால் போதும், அறிவிப்புப் பலகை வேண்டாம்.

குறிகளை மறைத்தபின்னும் வாக்கியம் தன் காலில் நிற்கிறது என்றால் தொடருங்கள். இருபது பக்கத்தில் கண் குறிகளைப் பார்ப்பதை நிறுத்திவிடும். நிற்கவில்லை என்றால் மூடிவிடுங்கள்.

அறிகுறி: சலிப்பு இல்லை, கோபம் வருகிறது

இந்த அறிகுறியை நான் ரொம்பக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். நாவல் முழுக்க டாக்டர் ஒருவரின் தோளில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்று வையுங்கள். அவர் நினைப்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது: முட்டி வலி, மகளின் கல்யாணக் கடன், காபியில் சர்க்கரை போதவில்லை என்பது வரைக்கும். பிறகு இப்படி வருகிறது:

“டாக்டர் கடிதத்தைப் பிரித்தார். நான்கே வரி. படித்து முடித்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரை எடுத்தார்.”

சர்க்கரை போதாததைச் சொன்னவர்கள், கொலையாளி பெயர் இருக்கும் நான்கு வரியை மட்டும் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியும், எழுத்தாளருக்குத் தெரியும், தோளில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் தெரியாது. இதற்குப் பெயர் மர்மம் அல்ல. நம் கண்ணைக் கையால் பொத்துவது.

1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில் திரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு. பார்ப்பவருக்கும் தெரியாது, மேசையில் பேசிக்கொண்டிருப்பவருக்கும் தெரியாது என்றால், வெடிக்கும்போது 15 விநாடி அதிர்ச்சி கிடைக்கும். பார்ப்பவருக்கு முன்பே காட்டிவிட்டால், மேசையில் நடக்கும் சாதாரண அரட்டையே 15 நிமிடம் வயிற்றைக் கலக்கும். அந்தக் கடிதத்தை நமக்கும் படிக்கக் கொடுத்திருந்தால் டாக்டர் காரை எடுக்கும்போது நாம் ‘போகாதே’ என்று தவித்திருப்போம். ஒளித்துவைத்ததால் அந்தத் தவிப்பு கிடைக்காமல் போயிற்று.

ஒரு தடவை நடந்தால் பொறுத்துப் பார்க்கிறேன். இரண்டாம் தடவையும் நடந்தால் மூடிவிடுகிறேன். இதற்கு வாசகர் பக்கத்தில் வைத்தியம் கிடையாது. நம்பிக்கை போய்விட்ட பிறகு ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிப்பது வாசிப்பாகாது.

அறிகுறி: பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் தெரிந்ததையே சொல்லிக்கொள்கிறார்கள்

“நீயும் நானும் 12 வருஷமா கிரைம் பிராஞ்ச்ல ஒண்ணா வேலை பாக்கறோம். போன வருஷம் உன் மனைவி விபத்துல போனதுலேர்ந்து நீ சரியாத் தூங்கறதில்ல.” அந்தத் துக்கத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவரிடமே இதைச் சொல்கிறார். முதல் முப்பது பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் வந்தால் பெரிய குறையில்லை, எழுத்தாளர் சாமான்களை இறக்குகிறார். பாதிக்கு மேலும் இறக்கிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடலாம்.

அறிகுறி: படிக்கவே கூசுகிறது

பெண் ஒருத்தி அறைக்குள் நுழைந்ததும் முகத்தைச் சொல்வதற்கு முன் உடம்பை அளக்கும் நடை. பிணமாகக் கிடப்பவளையும் அதே கண்ணோடு வர்ணிக்கும் நடை. இதற்குச் சோதனையும் வேண்டாம், பக்கக் கணக்கும் வேண்டாம். அந்த வரியிலேயே மூடுங்கள். ‘அந்தக் காலத்து எழுத்து அப்படித்தான்’ என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அதே காலத்தில் அப்படி எழுதாதவர்களும் இருந்தார்கள்.

அறிகுறி: மெதுவாக இருக்கிறது, ஆனால் எரிச்சல் இல்லை

இதைக் கோளாறு என்று நினைத்து மூடிவிடாதீர்கள். உம்பர்ட்டோ எக்கோ 1980-இல் இத்தாலிய மொழியில் ஒரு நாவல் எழுதினார். 1327-ஆம் ஆண்டு, மலைமேல் ஒரு மடாலயம், வரிசையாகத் துறவிகள் சாகிறார்கள். முதல் 100 பக்கத்தைக் குறைக்கச் சொல்லி நண்பர்களும் பதிப்பகத்தாரும் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். அந்த மடாலயத்துக்குள் வந்து ஏழு நாள் தங்க விரும்புகிறவர் அதன் நடைக்குப் பழக வேண்டும், மலையேறுகிறவர் மூச்சைப் பழக்குவது போல, என்று பிற்பாடு விளக்கினார்.

மெதுவான நடையையும் மோசமான நடையையும் பிரிக்க நான் ஒன்று செய்வேன். புத்தகத்தை மூடிவிட்டு, கடைசியாகப் படித்த காட்சி நடந்த அறையை நினைத்துப் பார்ப்பேன். ஜன்னல் எந்தப் பக்கம், யார் உட்கார்ந்திருந்தார், என்ன சத்தம் கேட்டது என்பது நினைவுக்கு வந்தால் எழுத்தாளர் எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார், நான் காத்திருக்கலாம். முப்பது பக்கம் படித்தும் ஒரு அறைகூட நினைவில் இல்லை என்றால் அது மெதுவான நடை இல்லை, வெற்று நடை.

மூடுவது என்று முடிவான பின்

எத்தனை பக்கம் வரை பொறுப்பது? அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும்: 50 பக்கம் படியுங்கள். 50 வயதைத் தாண்டியவர் என்றால் 100-லிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கம் போதும். 62 வயதுக்காரர் 38 பக்கத்தோடு எழுந்துவிடலாம். வயது ஏற ஏற வீணாக்க நேரம் குறைவு என்பது அதில் இருக்கும் கனிவு. பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992-இல் வாசகரின் 10 உரிமைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை இரண்டாவது, முடிக்காமல் விடும் உரிமை மூன்றாவது.

திரில்லரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நடை பிடிக்காவிட்டாலும் ‘யார் செய்தது’ என்ற கேள்வி உள்ளே முள் மாதிரி தங்கிவிடும். அந்த முள்ளுக்காக இன்னும் 200 பக்கம் நடக்க வேண்டாம். கடைசி அத்தியாயத்தைப் படித்து முள்ளை எடுத்துவிடுங்கள். கைவிடுவது என்று தீர்மானித்த பிறகு அது ஏமாற்று வேலை ஆகாது. பிறகு முன்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதிவையுங்கள்: ‘மொழிபெயர்ப்பு’, ‘கடிதத்தை மறைத்தார்’, ‘ஆச்சரியக்குறி’. நாலைந்து புத்தகங்களில் எழுதிய பிறகு உங்களுக்கு எது ஒத்துவராது என்பது தெரிந்துவிடும். அடுத்த தடவை கடையில் பின்னட்டையை விட்டுவிட்டு நடுவில் ஒரு உரையாடல் பக்கத்தைத் திறந்து பார்ப்பீர்கள்.

அந்த 112-ஆம் பக்கத்து நாவலுக்கும் இதைத்தான் செய்தேன். வாய்விட்டுப் படித்தேன், மூச்சு முட்டியது. ‘படு’வை எண்ணினேன், ஒரே பக்கத்தில் பதினாலு. கடைசி அத்தியாயத்தை மட்டும் தொடவில்லை. ஆங்கில மூலத்தை ஒரு நண்பரிடம் வாங்கி முதலிலிருந்து தொடங்கினேன். முன்பகுதியில், மழைக்கு நடுவே பின்கட்டு வழியாக ஒருவர் வீட்டுக்குள் வருகிற இடம். ஆங்கிலத்தில் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் வெறும் உருவமாகத்தான் இருந்தது. தமிழ்ப் பிரதியில் அதே இடத்தைத் தேடி எடுத்தேன். “கறுப்பு மழைக்கோட்டு அணிந்த அவன் மெல்ல உள்ளே வந்தான்” என்று இருந்தது. சந்தேகப் பட்டியலில் இருந்த இரண்டு பெண்களையும் நான் அந்த வரியிலேயே, என்னை அறியாமல், விடுதலை செய்திருக்கிறேன். அதற்கப்புறம் அவர்கள் வந்த காட்சிகளில் எல்லாம் எனக்குக் கொட்டாவி வந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆங்கிலப் பிரதியை இரண்டு ராத்திரியில் முடித்தேன். இரண்டாம் ராத்திரி, அந்தப் பெண்களில் ஒருத்தி மழைக்கோட்டைக் கொடியில் காயப்போடுகிற இடத்தில், எழுந்து போய்ப் பின்கட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.